செம்மண்ணுக்குக் கீழே இருந்த தரை

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த தண்ணீர் ஆய்வகத்தில் இப்போது அவள் வேதியியலர். போடிக்கு ரயில் திரும்ப வந்த பிறகு ஊரைச் சுற்றி மனை போடாத இடம் இல்லை. மூடிக் கிடக்கும் பழைய தொழிற்கூடம் ஒன்றின் இடத்தில் வீடுகள் கட்டப் போகிறார்களாம். கட்டுவதற்கு முன்னால் மண்ணைச் சோதிக்கச் சொல்லி இவளுக்கு உத்தரவு வந்திருக்கிறது. "அக்கா, குழி எம்புட்டு ஆழம் தோண்டணும்?" என்று கேட்டாள்.

கையேட்டில் இருக்கும் பதிலைச் சொன்னேன். அது போதாது என்று பட்டதால் புதுலயம் என்ற குடியிருப்பைப் பற்றியும் சொன்னேன். காபி ஆறிப் போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. "இதை எழுதிக் கொடுங்கக்கா, புதுசா வந்த பிள்ளைக படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்காக எழுதுகிறேன்.

என் வேலை வெளியிலிருந்து பார்க்க சுவாரசியமான வேலை இல்லை. அப்பாவுக்குப் போடிக்குக் கீழே மாந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. வேதியியல் படித்தேன், தேர்வு எழுதினேன், ஆய்வகத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். அதற்குப் பிறகு குரங்கணியிலிருந்து தேனி வரைக்கும் கிணறு, ஆழ்துளைக் குழாய், மேல்நிலைத் தொட்டி என்று தண்ணீர் பிடித்து வந்து உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, கிருமி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் அதற்கிடையில் நடந்தன.

தொழிலை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் தலைமை வேதியியலர் வேலுச்சாமி சார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் கொண்டு வந்த பாட்டிலின் சீட்டில் ஏதாவது விட்டுப் போயிருந்தால், பேசாமல் அந்தப் பாட்டிலை எடுத்து வந்து நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மறுபடி போய் எடுத்து வா என்று அர்த்தம். போடிமெட்டுக்கு நான் அப்படி இரண்டாம் முறை போயிருக்கிறேன், தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு. எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். வெயில் காலத்தில் அறையே வேர்த்து வழியும். அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார்.

வார்த்தைகளில் அவருக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "சுத்தமான தண்ணி" என்று அவர் முன்னால் யாரும் சொல்ல முடியாது. "எது இல்லாத தண்ணி?" என்று கேட்பார்.

புதுலயம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பேர். பலகையில் வேறு பேர் இருந்தது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மலை மேல் ஏலத்தோட்டத்தில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள், தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள். ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து லயத்தின் பாதி போய்விட்டது. எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. தோட்ட நிர்வாகம் திரும்பக் கட்டித் தரவில்லை. ரேஷன் கார்டு கீழே போடிப் பக்கம் இருந்ததால் கீழே இறங்கினார்கள். ஒரு அறக்கட்டளையும் அரசுத் திட்டமும் சேர்ந்து அவர்களுக்குப் போடியின் ஓரத்தில் முப்பத்தாறு வீடுகள் கட்டிக் கொடுத்தன. பெண்கள் ஏலக்காய்க் கடைகளுக்குத் தரம் பிரிக்கப் போனார்கள். ஆண்கள் லோடு ஏற்றப் போனார்கள், சிலர் காலை ஜீப்பில் மறுபடி மலைக்கே போய் வந்தார்கள்.

வீடு கட்டிய இடம் ஒரு காலத்தில் கிட்டங்கி, சரக்குக் கிடங்கு. ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பூச்சிமருந்து டிரம்டிரம்மாக அங்கேதான் லாரியில் வந்து இறங்கும். கேன்களில் ஊற்றி ஜீப்பில் மலைக்கு அனுப்புவார்கள். காலி டிரம்களை வடகிழக்கு மூலையில் வைத்துக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் அங்கேயே ஒரு குழியில் இறங்கும். இதில் ரகசியம் எதுவும் கிடையாது. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். கிட்டங்கியை மூடிய பிறகு பல வருடம் இடம் சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரர் சீனிச்சாமி மாமா எங்கள் தெருக்காரர். உறவு இல்லை, தெருமுறைக்கு மாமா. வீடில்லாதவர்களுக்கு என்று அவர் இடத்தைத் தானமாகக் கொடுத்தபோது ஊரே மெச்சியது. மாலை போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன்.

மூன்று வருடம் கழித்துப் புதுலயத்திலிருந்து மனு வந்தது. அடிகுழாய்த் தண்ணீர் நாறுகிறது, கோழிகள் சாகின்றன, ஒரு குழந்தைக்கு வலிப்பு வருகிறது. தண்ணீர் எடுக்க நான் போனேன். குழாயடியில் என்னிடம் வந்து பேசியவள் பேச்சியம்மா. ஐம்பது வயதிருக்கும். இருபது வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவள்.

"மழை பேஞ்சா வாசம் கெளம்பும் ஆத்தா" என்றாள்.

"என்ன வாசம்?"

"மருந்து வாசந்தேன். மேல மோந்தது போதாதுன்னு இங்கயும் மோக்கிறோம்."

மருமகள் முத்துலட்சுமி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வலிப்பு வந்தது அந்தக் குழந்தைக்குத்தான். தேவி என்று பேர். மூன்று வயது. வீட்டுக்குப் பின்னால் பேச்சியம்மா கீரைப் பாத்தி போட்டிருந்தாள். குழந்தை அந்தப் பாத்தியிலேதான் நாள் முழுக்க விளையாடும், மண்ணையும் தின்னும் என்றாள் முத்துலட்சுமி. நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர் தேறியது. அப்படியே எழுதி, கடைசியில் 'குடிக்க உகந்தது' என்று அச்சிட்டிருக்கும் வரியை அடிக்காமல் சாரிடம் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூச்சிமருந்து பார்த்தியாம்மா?"

"அதுக்கு நம்மகிட்ட மிஷின் இல்லையே சார்."

"அப்ப பார்க்கலைன்னு எழுது. எதெல்லாம் பார்க்கலையோ அதையும் எழுது. இந்தக் கடைசி வரியை அடிச்சிரு. நாம பார்க்காத ஒண்ணுக்கும் சேர்த்து இவங்க நம்மளை நம்பிக் குடிப்பாங்க."

அந்தக் கருவி உள்ள வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப அனுமதி கேட்டு எழுதினார். தண்ணீரோடு மண்ணையும் அனுப்ப வேண்டும் என்று எழுதினார். மண் எங்கள் வேலை இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். நான்காவது முறை அனுமதி வந்தது.

மண் எடுக்க அவரே வந்தார். கவிதா போன்றவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். அதற்கு மேல் அவர் புதுலயத்துப் பெண்களிடம் மூன்று கேள்வி கேட்டார்: பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, புல் எங்கே முளைப்பதில்லை. அவர்கள் காட்டிய இடங்களிலும் குழி குறித்தோம். அன்று காலை கொசு மருந்து, பவுடர் எதுவும் பூசக் கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் பையில் எடுக்கக் கூடாது, மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிறக் கண்ணாடி ஜாடிதான். ஒவ்வொரு குழிக்கும் நடுவில் மண் எடுக்கும் கொத்தைச் சோப்பால் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, அசிட்டோன் விட்டுத் துடைத்து, காய்ந்த பிறகுதான் அடுத்த குழி. எடுத்த மண்ணைத் தட்டில் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, இப்படி ஜாடி அளவுக்கு வரும் வரை. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மாந்தோப்பிலும் இரண்டு குழி தோண்டினோம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மண் இல்லாவிட்டால் நாம் கண்டது எதுவும் செல்லாது என்பது அவர் கட்சி. ஜாடிகளில் முத்திரை வைக்கும்போது பேச்சியம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்துக் கையெழுத்து வாங்கினார்.

முடிவு வரச் சில மாதம் ஆயிற்று. மாந்தோப்பு மண்ணில் பூச்சிமருந்து இல்லை. புதுலயத்தில் எல்லாக் குழிகளிலும் இருந்தது. வடகிழக்கு மூலையில் இருந்த அளவைப் படித்ததும் சார் அந்த ஆய்வகத்துக்குப் போன் போட்டு, தசமப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று கேட்டார். அந்த மூலையை ஒட்டித்தான் பேச்சியம்மாவின் வீடு. அடிகுழாய்த் தண்ணீரிலும் இருந்தது. அடுத்த வாரம் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு லாரியில் தண்ணீர் விட ஏற்பாடு ஆனது.

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. மேலதிகாரிகள் பேசியபோது, எடுத்த விதம் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி மாமா வீட்டுக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல உடற்கட்டு. மோர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்.

"செல்வி, நான் அந்தக் கிட்டங்கிக்குள்ளயே படுத்து எந்திரிச்சவன். மருந்து ஊத்துன கையோட சோறு தின்னுருக்கேன். எனக்கு என்ன கேடு வந்துச்சு, சொல்லு?"

"எனக்குத் தெரியாது மாமா. நாங்க மண்ணை மட்டுந்தான் பார்த்தோம்."

"அந்தப் பிள்ளைக்கு வெட்டு வலிப்பு வர்றது எம் மண்ணாலதான்னு நீ சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். டாக்டரே சொல்லலை."

"பெறகென்ன? மலை சரிஞ்சு எறங்கி வந்தவுகளுக்கு நெழல் குடுப்போம்னு குடுத்த எடம்மா அது." குடித்த டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, நான் ஒண்ணு செஞ்சிருக்கேன். செம்மண்ணு அடிக்கச் சொல்லிட்டேன். ஒரு முழம் ஒசத்தி விட்டா எல்லாம் அமுங்கிப் போயிரும். செடி கொடி வச்சுக்கிறட்டும்."

அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முழம் மண் போட்டால் தீர்ந்தது என்றே நம்பினார். ஆனால் மறுபடி மண் எடுக்கச் சொல்லி வந்த உத்தரவில் 'மேல்மண், ஆறு அங்குலம்' என்றிருந்ததை நான் வெள்ளிக்கிழமைதான் பார்த்திருந்தேன். திங்கட்கிழமை காலை சாரிடம் மாமா சொன்னதைச் சொன்னேன். தெருக்காரரைப் பற்றி அலுவலகத்தில் சொல்கிறோமே என்ற உறுத்தல் இருந்தது. சொல்லாமல் இருந்தால் எந்த மண்ணை எடுத்துக்கொண்டு வருவேன் என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு மாமா வீட்டுக் காதுகுத்துக்கு எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் குறை சொன்னதில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது புதுலயம் முழுவதும் சிவந்து கிடந்தது. பிள்ளைகள் புது மண்ணில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில வீட்டு வாசலில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார்.

சார் உத்தரவைப் பார்த்து ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். "மேல்மண் ஆறு அங்குலம். எடும்மா" என்றார். எடுத்தேன். நல்ல செம்மண். சீட்டில் 'புதிதாகக் கொட்டிய மண்' என்று எழுதச் சொன்னார். "இன்னும் தோண்டு" என்றார்.

அதிகாரி, "சார், ஆறு அங்குலம் முடிஞ்சுதே" என்றார்.

"முடிஞ்சது சார். இது லாரியில வந்த மண்ணு. இவங்க மூணு நாலு வருசமா குடியிருந்த தரைக்கு மேல்மண்ணு இன்னும் கீழ இருக்கு. அதையும் ஆறு அங்குலம் எடுத்துக்கிறோம்."

முழங்கை ஆழத்தில் நிறம் மாறியது. சாம்பல் கலந்த கறுப்பு. ஒரு டிரம் மூடியின் விளிம்பு தட்டுப்பட்டது. அதைப் புரட்டியதும் வாசம் எழுந்து முகத்தில் அடித்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். சுற்றி நின்ற பெண்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அதைப் பார்த்ததும் அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"ரெண்டையும் எடுத்ததா எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

போட்டார். இரண்டாம் முடிவு முதல் முடிவைவிட மோசமாக வந்தது. அதன் பிறகு யாரும் எடுத்த விதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் சார் ஓய்வு பெற்று மதுரைக்குப் போய்விட்டார்.

மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் மாற்று இடம் என்று அறிவித்தார்கள். ஊரிலிருந்து பஸ் போகாத தூரத்தில் ஒரு பொட்டல். பேச்சியம்மா எழுந்தாள். மேடைப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"லயம் சரிஞ்சப்ப எந்திரிச்சு வந்தோம். இப்ப மறுபடி எந்திரிக்கச் சொல்றீக. அங்கருந்து ஏலக்காய்ச் சோலிக்கு எப்படி வர்றது? எங்க பிள்ளைக பள்ளிக்கூடம் இங்க இருக்கு. கெட்டுப் போனது மண்ணு. அதைத் தூக்குங்க சார். எங்கள ஏன் தூக்குறீக?"

ஒரு வருட இழுபறிக்குப் பிறகு அதற்கு ஒத்துக்கொண்டார்கள். வீடுகளைச் சுற்றி மண்ணை வெட்டி எடுப்பது, மூலையில் ஆள் உயரத்துக்குத் தோண்டுவது, குழாயில் ஆற்றுத் தண்ணீர் கொடுப்பது என்று முடிவானது. மூலையை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களைத் தோண்டும் வரை வேறு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முத்துலட்சுமி குழந்தையோடு தேனியில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். பேச்சியம்மா எதிர் வரிசையில் ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டாள்.

பொக்லைன் வந்து வேலை நடந்தது. நான் குழியின் பக்கவாட்டு மண்ணை எடுக்கப் போயிருந்தேன். முதல் லாரி நிரம்பித் தார்ப்பாய் கட்டினார்கள். பேச்சியம்மா டிரைவரிடம் போய்ச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்க அண்ணே கொண்டு போறீக?"

"மேக்க, கரட்டோரம் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம் இருக்கில்ல, அங்க."

"அங்க யாரு குடியிருக்கா?"

"யாருமில்லத்தா. ஆடு மேய்க்கிறவுக குடிசை நாலஞ்சு கெடக்கு. அம்புட்டுத்தேன்."

அவள் லாரிக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. டிரைவர் இரண்டு முறை ஆரன் அடித்துவிட்டு இன்ஜினை நிறுத்தினார். ஒப்பந்தக்காரர் ஓடி வந்தார். அதே இளம் அதிகாரி வந்தார். புதுலயத்து ஆட்களே அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். இவ்வளவு காலம் போராடி இன்றுதான் மண் கிளம்புகிறது, நீ போய் மறிக்கிறாயே என்று.

அதிகாரி பொறுமையாகவே பேசினார். "அம்மா, சரியான எடம் வடக்க ரொம்பத் தூரத்துல இருக்கு. அனுமதி வாங்க எத்தனை நாளாகும்னு தெரியாது. அதுவரைக்கும் இந்த மண்ணு உங்க வீட்டுப் பக்கத்துலயே கெடக்கும். பரவாயில்லையா?"

"கெடக்கட்டும் சார்" என்றாள். "இங்க கெடந்தா, எங்க கெடக்குன்னு எங்களுக்குத் தெரியும். தள்ளி நிப்போம். அங்க கொண்டு போட்டா அவுகளுக்குத் தெரியாதுல்ல."

கத்திக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஆனால் யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. லாரி பின்னால் வந்து மண்ணை மூலையிலேயே இறக்கியது. அதற்குப் பிறகு பள்ளத்திலும் வீடுகளைச் சுற்றியும் வெட்டிய மண்ணும் அங்கேயே சேர்ந்தது. கீழேயும் மேலேயும் கனத்த தார்ப்பாய் விரித்து, சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள்.

அப்படியே இரண்டு மழைக்காலம் கிடந்தது. தார்ப்பாய் கிழிந்தால் முதலில் தகவல் சொல்வது பேச்சியம்மாதான். முத்துலட்சுமி போனில் அழுதாளாம்: "ஆட்டுக்காரவுக பிள்ளைகள நெனைச்சீக, நம்ம பிள்ளைய நெனைச்சீகளா அத்தை?" இதைப் பேச்சியம்மாவே என்னிடம் சொன்னாள். மருமகள் கேட்டதில் தப்பில்லை என்றும் சொன்னாள். மாதம் ஒரு முறை பஸ் ஏறித் தேனிக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவாள். மாத்திரையில் வலிப்பு குறைந்திருந்தது. மண் மாறியதால் குறைந்ததா, வயது ஏறியதால் குறைந்ததா என்று மருத்துவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

சீனிச்சாமி மாமா அந்த இடைவெளியில் இறந்து போனார். வயது மூப்பு. துக்கத்துக்குப் போனேன். புதுலயத்திலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

கடைசியில் மூடி போட்ட லாரிகள் வந்தன. இந்த மாதிரிக் கழிவுக்கென்றே வடக்கே இருக்கும் இடத்துக்கு மண் போனது. மூலையில் பள்ளம் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கே மூடிவிட ஒப்பந்தக்காரர் ஆள் கொண்டு வந்திருந்தார். பேச்சியம்மா விடவில்லை. எனக்குப் போன் வந்தது.

"மொதல்ல அடியப் பாரு ஆத்தா. மேல மண்ணு போட்டு மூடுறதெல்லாம் பெறகு பார்ப்போம்."

எனக்கு ஓய்வுக்குச் சில மாதமே இருந்தது. ஏணி வைத்து இறங்கினேன். அவள் மேலே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடியில் ஐந்து இடம், பக்கச் சுவரில் நாலு இடம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கழுவித் துடைத்துக் காய வைத்து எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவள் நகரவில்லை.

முடிவு வந்த அன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏலக்காய்க் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சேலை முழுக்க ஏலக்காய் வாசம். வாசித்துக் காட்டினேன்.

"அப்ப பிள்ளை வரலாமா?"

"பள்ளத்துல எடுத்த ஒன்பதுலயும் அந்த மருந்து இல்லை. பிள்ளை வரலாமா வேண்டாமான்னு இந்தத் தாள்ல இல்லைம்மா. அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

தாளை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"முத்து, சாயங்காலம் ஏவாரம் முடிஞ்சு பஸ்சு கூட்டமா வரும். நாளைக்குக் காலையிலயே ஏறிரு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா."